மிகுஎடைக் குத்துச்சண்டையில் பெருவீரர் யார்? அளவுகோல்கள் பற்றிய ஓர் ஆய்வு

குத்துச்சண்டையில் ஆர்வமுடையோர் கூடுமிடங்களில் ஒரு வினா எழுவது வழக்கம். எல்லாக் காலத்திற்கும் பெருவீரர் எனத் தக்கவர் யார் என்பதே அவ்வினா. ஓட்டப் பந்தயத்திலும் எடை தூக்குதலிலும் இதற்கு ஓரளவு எளிதில் விடை காணலாம். கடிகாரமும் எடைக்கல்லும் எக்காலத்தவர்க்கும் பொதுவானவை. குத்துச்சண்டையிலோ ஒருவரது திறமை எதிரில் நிற்பவரைக் கொண்டே வெளிப்படுகிறது. எதிரி மாறினால் அளவும் மாறிவிடுகிறது. வெவ்வேறு தலைமுறையைச் சேர்ந்த இருவரை, அவர்தம் முழு வலிமையுடன் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தல் இயலாத செயல்.

எனினும் 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அதற்கும் ஒரு முயற்சி நடைபெற்றது. ராக்கி மார்சியானோ, முகம்மது அலி ஆகிய இருவரின் ஆட்டத்தைப் பற்றிய விவரங்கள் ஒரு கணிப்பொறிக்கு அளிக்கப்பட்டன. இருவரும் களத்திலிறங்கிப் பல சுற்றுகளைப் படப்பிடிப்பிற்காக ஆடிக் காட்டினர். ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகள் படமாக்கப்பட்டன. 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் அப்படம் காட்டப்பட்டபோது, 13ஆம் சுற்றில் மார்சியானோ வென்றதாக முடிவு அமைந்திருந்தது. அதனால் சர்ச்சை ஓய்ந்துவிடவில்லை. கணிப்பொறி தன்னிடம் இடப்பட்ட விவரங்களையும், ஒவ்வொரு விவரத்திற்கும் மனிதர் வகுத்தளித்த மதிப்பையும் கொண்டே விடை கூற வல்லது. ஆகவே, எந்தப் பண்பிற்கு எவ்வளவு மதிப்பளிப்பது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

எடைப் பிரிவும் விதிகளும்

'ஹெவிவெயிட்' எனப்படும் மிகுஎடைப் பிரிவிற்கு எடையில் கீழ் எல்லை உண்டு. மேல் எல்லை கிடையாது. இக்கீழ் எல்லையும் காலந்தோறும் ஒரே நிலையில் இருந்ததன்று. 1970ஆம் ஆண்டுகளின் இறுதி வரை ஏறத்தாழ 79 கிலோகிராமுக்கு மேற்பட்டோர் அனைவரும் இப்பிரிவில் அடங்கினர். பின்னர் 'குரூசர்வெயிட்' என்னும் இடைப்பிரிவு தோன்றியது. இன்று தொழில்முறைப் போட்டிகளில் ஏறத்தாழ 91 கிலோகிராமே எல்லை. மார்சியானோ ஏறத்தாழ 84 கிலோகிராம் எடையுடன் போட்டியிட்டவர். இன்றைய கணக்கின்படி அவர் மிகுஎடைப் பிரிவிலேயே சேரார்.

ஆட்ட விதிகளும் மாறியுள்ளன. கையுறை, மூன்று நிமிடச் சுற்று, வீழ்ந்தவர் எழுவதற்குப் பத்து வினாடி ஆகியவற்றை வகுத்த குவீன்ஸ்பெரி விதிகள் 1867இல் வெளியாயின. ஆயினும் 1889ஆம் ஆண்டிலும் ஜான் சல்லிவன் கையுறையின்றி 75 சுற்றுகள் போரிட்டு ஜேக் கில்ரெயினை வென்றார். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பட்டப் போட்டிகள் 15 சுற்றுகளாக நடைபெற்றன. 1982இல் தென்கொரிய வீரர் கிம் டுக்கூ போட்டியில் பட்ட காயத்தால் இறந்ததன் பின்னர், அவை படிப்படியாக 12 சுற்றுகளாகக் குறைக்கப்பட்டன. 45 நிமிடம் தாக்குப்பிடிப்பதற்கும் 36 நிமிடம் தாக்குப்பிடிப்பதற்கும் உடலை ஆயத்தம் செய்யும் முறை வேறு. ஆகவே ஒரு வீரரை அவர் ஆடிய காலத்தின் விதிகளுக்குள் வைத்தே எடைபோடுதல் முறையாகும்.

உடலின் பருமன் மட்டும் வெற்றியைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கும் சான்றுகள் உள்ளன. 1919இல் ஏறத்தாழ 85 கிலோகிராம் எடையுள்ள ஜாக் டெம்ப்சி, தம்மைவிட 25 கிலோகிராமுக்கு மேல் எடை மிகுந்த ஜெஸ் வில்லார்டை முதற் சுற்றிலேயே ஏழு முறை வீழ்த்தினார். 2024 மே மாதத்தில் உக்ரைன் நாட்டு வீரர் ஒலெக்சாண்டர் உசிக், தம்மினும் உயரமும் எடையும் மிகுந்த டைசன் ஃபியூரியைப் புள்ளிக் கணக்கில் வென்று, பிரிவின் பட்டங்கள் அனைத்தையும் ஒருங்கே பெற்றார்.

குத்தின் விசை

பொதுமக்கள் முதலில் வியப்பது குத்தின் வலிமையையே. இவ்வலிமை அளக்கத்தக்கது. பின்னாளில் உலகப் பட்டம் பெற்ற இங்கிலாந்து வீரர் ஃபிராங்க் புருனோவின் குத்தை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1985இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று. ஊசல்போலத் தொங்கவிடப்பட்ட, மெத்தையிட்ட இலக்கை அவர் தாக்கினார். கை புறப்பட்ட பத்தில் ஒரு வினாடிக்குள் முட்டி ஏறத்தாழ அரை மீட்டர் தூரம் கடந்தது. இலக்கைத் தொட்டபோது அதன் வேகம் வினாடிக்கு 8.9 மீட்டர். உச்ச விசை 4,096 நியூட்டன். அஃதாவது ஏறத்தாழ 400 கிலோகிராம் எடைக்கு நிகரானது. இலக்கு பெற்ற முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 53 மடங்கு.

இத்துணை விசை கையிலிருந்து மட்டும் பிறப்பதன்று. பின்னங்கால் தரையை உந்துகிறது. அவ்வுந்தல் இடுப்பைத் திருப்புகிறது. இடுப்பு தோளைத் திருப்புகிறது. தோள் கையைச் செலுத்துகிறது. தேர்ந்த வீரரின் குத்தில் காலும் உடற்பகுதியுமே பெரும்பங்கு ஏற்கின்றன. கையின் பங்கு சிறிது. கவண் வீசுவோர் உடல் முழுவதையும் சுழற்றுவதை இதற்கு ஒப்பிடலாம். ஜோ லூயிஸின் குத்துகள் மிகக் குறுகிய தூரமே சென்றும் எதிரியை வீழ்த்தியதன் காரணம், அவர்தம் கால்கள் எப்போதும் தரையில் உரிய இடத்தில் ஊன்றி நின்றமையே.

ஆயின் விசை ஒன்றே பெருமைக்குப் போதுமானதன்று. மிகுஎடைப் பிரிவில் மேல்நிலையை எட்டும் ஏறக்குறைய ஒவ்வொருவரிடமும் எதிரியை ஒரே குத்தில் வீழ்த்தும் வலிமை உண்டு. எல்லோரிடமும் உள்ள ஒரு பண்பைக்கொண்டு ஒருவரை மற்றவரினின்று பிரித்தறிய இயலாது.

காலமும் முன்னறிதலும்

கண்ணால் ஒன்றைக் கண்டு கையை அசைக்க ஒருவர்க்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு வினாடி ஆகும். குத்தோ பத்தில் ஒரு வினாடியில் வந்து சேர்ந்துவிடுகிறது. எனவே, புறப்பட்டுவிட்ட குத்தைக் கண்டபின் விலகுதல் மனித நரம்பு மண்டலத்தால் ஆகக்கூடியதன்று. ஆயினும் சிறந்த வீரர்கள் விலகுகின்றனர். இஃது எவ்வாறு நிகழ்கிறது?

அவர்கள் முட்டியைப் பார்த்து விலகுவதில்லை. தோளின் சிறு இறக்கம், எடை ஒரு காலினின்று மறுகாலுக்கு மாறுதல், முழங்கை விலாவைவிட்டு அகலுதல் ஆகிய முன்குறிகளைக் கண்டு, குத்து புறப்படுமுன்னரே விலகத் தொடங்குகின்றனர். பல்லாயிரம் மணி நேரப் பயிற்சியே இவ்வறிவைத் தருகிறது. தூரத்தைக் காத்தலும் இதற்குத் துணையாகும். எதிரியின் கை எட்டும் எல்லைக்குச் சற்று அப்பால் நிற்பவரை அடைய, எதிரி ஓர் அடி எடுத்துவைத்தாக வேண்டும். அந்த ஓர் அடி தரும் நேரமே விலகுவோரைக் காக்கிறது. 1964இல் 22 வயதில் சன்னி லிஸ்டனை வென்ற அலி, கைகளைத் தாழ வைத்துக்கொண்டும் தலையைப் பின்னுக்குச் சாய்த்தும் ஆடியதைப் பலர் பிழையெனக் கூறினர். அவர்தம் கால்களின் விரைவும் தூரத்தைக் கணிக்கும் ஆற்றலும் அப்பிழையை ஈடுசெய்தன.

இதனை ஆசிரியர்கள் வகுப்பில் எளிதில் விளக்கலாம். மாணவர் ஒருவர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சிறிது விரித்து வைத்துக்கொள்ள, மற்றொருவர் 30 சென்டிமீட்டர் அளவுகோலை அவற்றிற்கிடையே செங்குத்தாகப் பிடித்து முன்னறிவிப்பின்றி விடுதல் வேண்டும். அளவுகோல் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் விழுந்தபின் பிடிபட்டால், எடுத்துக்கொண்ட நேரம் ஐந்தில் ஒரு வினாடி. பத்தில் ஒரு வினாடியில் அளவுகோல் 5 சென்டிமீட்டர் மட்டுமே விழும். அதற்குள் பிடிக்க முயலும் மாணவர், குத்துச்சண்டை வீரரின் இடர்ப்பாட்டை நன்குணர்வர்.

அடியைத் தாங்குதல்

எத்துணைத் தேர்ச்சியுடையவரும் எல்லாக் குத்துகளினின்றும் தப்ப இயலாது. மோவாயின் பக்கவாட்டில் விழும் குத்து தலையைத் திடீரெனச் சுழற்றுகிறது. மண்டையோடு சுழலும்போது உள்ளிருக்கும் மென்மையான மூளை சற்றுப் பின்தங்குகிறது. அதனால் நரம்பிழைகள் இழுபட்டு முறுக்குறுகின்றன, நினைவு தவறுகிறது. குத்து வருவதை உணர்ந்தவர் கழுத்துத் தசைகளை இறுக்கிக்கொள்வதால் சுழற்சி குறைகிறது. காணாத குத்தே பெரிதும் வீழ்த்துகிறது என்று பயிற்சியாளர் கூறுவதன் அறிவியல் அடிப்படை இதுவே.

1971 மார்ச்சில் நியூயார்க்கில் நடந்த போட்டியின் 15ஆம் சுற்றில், ஜோ ஃபிரேசியரின் இடக்கைக் குத்து அலியை மல்லாக்க வீழ்த்தியது. சில வினாடிகளிலேயே அவர் எழுந்து போட்டியை முடித்தார். இத்தாங்கும் திறனைக் காண்போர் வீரம் எனப் போற்றுவர். அது பெருவீரர்க்குரிய இலக்கணங்களில் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் கணக்கு களத்தில் முடிந்துவிடுவதில்லை என்பது பின்னர்க் கூறப்படும்.

வெற்றிப் பட்டியலைப் படிக்கும் முறை

மார்சியானோ 49 போட்டிகளில் 49 வெற்றிகள் பெற்று, ஒருமுறையும் தோலாது 1956இல் ஓய்வு பெற்றார். அவற்றுள் 43இல் எதிரிகள் இறுதி வரை நிற்கவில்லை. ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை, பதினோராண்டுகளுக்கு மேலாகப் பட்டத்தை வைத்திருந்து, 25 முறை அதனைக் காத்தார். இப்பிரிவில் இவ்வெண்ணிக்கை இன்றும் முறியடிக்கப்படவில்லை. லாரி ஹோம்ஸ் 1985இல் முதல் தோல்வியடையுமுன் 48 போட்டிகளில் தொடர்ந்து வென்றார். மைக் டைசன் 1986இல் 20 வயதில் பட்டம் பெற்று, இப்பிரிவின் மிக இளைய வாகையரானார்.

இவ்வெண்கள் யாவும் உண்மை. ஆனால் எண்ணை மட்டும் நோக்குவோர் ஏமாறக்கூடும். வென்றவர் யாரை வென்றார், எதிரி தம் உச்சநிலையில் இருந்தாரா, முதுமையுற்றிருந்தாரா என்பனவற்றையும் வினவுதல் வேண்டும். 1951இல் மார்சியானோ வென்ற லூயிஸுக்கு வயது 37.

மற்றொரு வினாவும் உண்டு. போட்டியிட யார் அனுமதிக்கப்பட்டனர்? இப்பிரிவின் வரலாற்றில் நிறவேற்றுமை நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. கறுப்பினத்தவரான ஜாக் ஜான்சன் பட்டப் போட்டிக்கு வாய்ப்புப் பெறுவதற்காக, வாகையர் டாமி பர்ன்ஸைத் தொடர்ந்து ஆஸ்திரேலியா வரை செல்ல வேண்டியதாயிற்று. 1908 டிசம்பரில் சிட்னியில் அவர் பட்டம் வென்றார். 1910இல், ஓய்விலிருந்து அழைத்துவரப்பட்ட ஜிம் ஜெஃப்ரிஸையும் வென்றார். 1915இல் அவர் பட்டத்தை இழந்தபின், 1937இல் ஜோ லூயிஸ் களமிறங்கும் வரை 22 ஆண்டுகள் எந்தக் கறுப்பின வீரர்க்கும் மிகுஎடைப் பட்டப் போட்டியில் இடமளிக்கப்படவில்லை. ஹாரி வில்ஸ் போன்ற திறமைசாலிகள் வாய்ப்பின்றியே மறைந்தனர். தகுதியுடையோர் பலர் வெளியே நிறுத்தப்பட்ட காலத்தில் பெற்ற பட்டத்தை, வாயில் திறந்திருந்த காலத்தில் பெற்ற பட்டத்தோடு சமமாக வைத்தல் பொருந்தாது.

தோல்விக்குப் பின்

தோல்வியே காணாத பட்டியலைவிடத் தோல்விக்கு விடையளித்த பட்டியல் சில வேளைகளில் மிகுதியாக உணர்த்துகிறது. 1936 ஜூனில் ஜெர்மானிய வீரர் மாக்ஸ் ஷ்மெலிங் 12ஆம் சுற்றில் லூயிஸை வீழ்த்தினார். லூயிஸ் இடக்கையால் நேர்க்குத்து விட்டபின் அக்கையைத் தாழ்த்திவிடுகிறார் என்பதை ஷ்மெலிங் முன்னரே கண்டறிந்திருந்தார். அவ்விடைவெளியில் வலக்கையைச் செலுத்தினார். லூயிஸ் அக்குறையைக் களைந்தார். 1938 ஜூனில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது போட்டி 124 வினாடிகளில் முடிந்தது, வென்றவர் லூயிஸ்.

அலி 1971இல் ஃபிரேசியரிடமும், 1973இல் கென் நார்ட்டனிடமும், 1978இல் லியான் ஸ்பிங்க்ஸிடமும் தோற்றார். மூவரையும் பின்னர் வென்றார். லெனாக்ஸ் லூயிஸ் தொழில்முறை ஆட்டத்தில் இருவரிடமே தோற்றார்; இருவரையும் மறுபோட்டியில் வீழ்த்தினார். ஜார்ஜ் ஃபோர்மன் 1974இல் இழந்த பட்டத்தை 1994இல், 45ஆம் வயதில், தம்மினும் 19 ஆண்டு இளையவரான மைக்கேல் மூரரை வென்று மீண்டும் பெற்றார். தன் குறையை அறிந்து திருத்திக்கொள்ளும் அறிவும், மாறிய உடலுக்கேற்ப ஆட்டத்தை மாற்றிக்கொள்ளும் ஆற்றலும் இவர்களிடம் காணப்படுகின்றன.

இவ்வாற்றலுக்குத் தலையாய எடுத்துக்காட்டு 1974 அக்டோபர் 30இல் ஜயர் நாட்டின் கின்ஷாசா நகரில் நிகழ்ந்தது. ஃபோர்மனுக்கு வயது 25. அதுவரை அவர் 40 போட்டிகளில் தோல்வியின்றி வென்றவர். அலிக்கு வயது 32. போர்ச் சேவையை மறுத்ததற்காக 1967 முதல் 1970 வரை விளையாட இயலாது தடுக்கப்பட்டிருந்தமையால், அவர்தம் கால்களின் பழைய விரைவு குறைந்திருந்தது. ஆகவே அவர் ஓடவில்லை. களத்தைச் சூழ்ந்த கயிற்றில் சாய்ந்து, கைகளால் தலையைக் காத்து, ஃபோர்மன் தம் வலிமை முழுவதையும் கைகளின்மீதும் உடலின்மீதும் செலவிடுமாறு விட்டார். எட்டாம் சுற்றில் ஃபோர்மன் களைத்திருந்தார். அலியின் சில விரைந்த குத்துகள் அவரை வீழ்த்தின. விசை மிகுந்தவரைக் காலக்கணக்கு வென்றது எனலாம்.

செலுத்திய விலை

கின்ஷாசாவில் அலி கையாண்ட உத்தி வெற்றி தந்தது. ஆயினும் அவ்வடிகள் வீழ்ந்தது மனித உடலின்மீதே. 1975 அக்டோபரில் மணிலாவில் ஃபிரேசியருடன் நடந்த மூன்றாம் போட்டி 14 சுற்றுகள் நீடித்தது. 1980இல் அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் கலந்துகொண்டதைத் தமிழ்நாட்டவர் பலர் நினைவில் வைத்துள்ளனர். அதே ஆண்டு அக்டோபரில் 38 வயதான அவர் ஹோம்ஸுடன் மோதினார். பத்தாம் சுற்றின் முடிவில் அவர் தரப்பினரே போட்டியை நிறுத்தினர். 1981 டிசம்பரில் இறுதியாகத் தோற்று ஓய்வு பெற்றார். 1984இல், நடுக்கமும் பேச்சுத் தளர்ச்சியும் தரும் பார்க்கின்சன் நோய்க்குறிகள் அவரிடம் இருப்பது கண்டறியப்பட்டது. 2016 ஜூன் 3இல் காலமாகும் வரை அவர் அந்நிலையிலேயே வாழ்ந்தார். ஒரு தனி மனிதரின் நோய்க்கு இதுவே காரணமென அறுதியிட்டுரைத்தல் மருத்துவர்க்கும் கடினம். ஆயினும் தலையில் மீண்டும் மீண்டும் விழும் அடிகள் மூளையைச் சிதைக்கின்றன என்பதில் ஐயத்திற்கு இடமில்லை.

இவ்வுண்மை புதிதன்று. 1928இலேயே அமெரிக்க நோய்க்குறியியல் அறிஞர் ஹாரிசன் மார்ட்லாண்ட், குத்துச்சண்டை வீரரிடம் காணப்பட்ட தள்ளாட்டத்தையும் அறிவு மங்கலையும் மருத்துவ இதழில் விவரித்தார். 1973இல் இங்கிலாந்தில் 15 முன்னாள் வீரர்களின் மூளைகள் ஆராயப்பட்டு, அவற்றில் நேர்ந்த சிதைவுகள் தெளிவாக எடுத்துரைக்கப்பட்டன. அலியுடன் இருமுறை மோதிய ஜெர்ரி குவாரி, இந்நோயால் தம் அன்றாடச் செயல்களையும் செய்ய இயலாதவராகி 1999இல் இறந்தார். நினைவு தவறச் செய்யும் பெருங்குத்துகள் மட்டுமன்றி, பயிற்சிக் களத்தில் நாள்தோறும் வாங்கும் சிறு அடிகளும் சேர்ந்தே கேடு விளைவிக்கின்றன. கையுறை முதன்மையாக அடிப்பவரின் கையைக் காக்கிறது. தலைக்கவசம் தோல் கிழிவதைத் தடுக்கிறது. மண்டையோட்டினுள் மூளை சுழல்வதை அது முற்றும் தடுப்பதில்லை.

இவ்வறிவைக் கொண்டு நோக்கினால், பெருமையின் அளவுகோல்களில் மேலும் இரண்டைச் சேர்த்தல் வேண்டும். ஒன்று, அடியினின்று தப்பும் திறன். மற்றொன்று, விலகும் வேளை அறிதல். 1926இலும் 1927இலும் டெம்ப்சியை வென்ற ஜீன் டன்னி, 1928இல் வாகையராகவே ஓய்வு பெற்று, 81 வயது வரை வாழ்ந்தார். மார்சியானோ 32 வயதில் விலகினார். லெனாக்ஸ் லூயிஸ் 2004இல் பட்டத்துடன் விலகினார். கூட்டத்தின் ஆரவாரம் இத்தகைய விலகலுக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் இஃதும் களத்தில் தூரத்தைக் கணிக்கும் அறிவின் தொடர்ச்சியே.

வகுப்பிலும் களத்திலும்

மேற்கூறிய பண்புகளைக் கொண்டு மாணவர்களே ஓர் அட்டவணை தயாரிக்கலாம். எதிரிகளின் தரம், பட்டம் காத்த காலம், தோல்விக்கு அளித்த விடை, தற்காப்பு, விலகிய வேளை என ஐந்து கட்டங்கள் போதும். ஒவ்வொரு கட்டத்திற்கும் எத்தனை மதிப்பெண் என்பதை ஒவ்வொரு குழுவும் முன்னதாகவே முடிவு செய்துகொள்ள வேண்டும். காலத்திற்கு மிகுதியான மதிப்பளிக்கும் குழு ஜோ லூயிஸை முதலில் வைக்கக்கூடும். எதிரிகளின் தரத்திற்கு மதிப்பளிக்கும் குழு அலியை வைக்கக்கூடும். விடைகள் வேறுபடினும், ஒவ்வொரு விடைக்கும் காரணம் எழுதப்பட்டிருக்கும். சான்றைக் கூறி முடிவு செய்தலே இப்பயிற்சியின் பயன்.

ஊர்ப்புறங்களில் விளையாட்டுப் பயிற்சியை மேற்பார்க்கும் களப்பணியாளர்கள் வேறொன்றையும் கருதுதல் வேண்டும். சிறுவர் தாம் கேட்ட பெருவீரர் கதையையே பின்பற்றுவர். அடி வாங்கியும் வீழாது நின்றார் என்பதை மட்டும் கேட்ட சிறுவர், தலைசுற்றலை மறைத்துக்கொண்டு தொடர்ந்து ஆடுவர். ஆகவே கின்ஷாசாவைக் கூறுவோர், 1984இல் மருத்துவர் கண்டறிந்ததையும் சேர்த்துக் கூறுதல் நலம். பயிற்சியில் கால்வைப்பு, தூரம் காத்தல், விலகுதல் ஆகியவற்றிற்கே முதலிடம் அளித்தல் வேண்டும். தலையில் வலிந்து குத்தும் பயிற்சியை இளஞ்சிறார்க்கு அளித்தல் ஆகாது. தலையில் அடிபட்டு நினைவு தவறியவரையும், தள்ளாடுபவரையும், வாந்தி எடுப்பவரையும், குழம்பிப் பேசுபவரையும் அன்றைய தினம் மீண்டும் களத்தில் இறக்காமல், காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். மருத்துவர் இசைவு தந்த பின்னரே அவர்களை மீண்டும் பயிற்சியில் சேர்க்கலாம்.